ஹப்புத்தளைப் பக்கத்துப் பழைய பெரிய பங்களா: அதோட உண்மையான வரலாற்றை எங்க தேடுறது?

மலைக்காத்து (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் வரும், தயவு செஞ்சு முழுசா வாசிங்க.

நான் இருக்கிறது கொழும்புல, ஆனா எங்க சொந்த இடம் ஹப்புத்தளைக்குப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டம். எங்க தாத்தா அங்க பெரிய தொர பங்களாவுல அப்புவா (சமையலும் வீட்டு வேலையும் பாக்கிறவரா) இருந்தாரு, அவருக்கு முந்தி அவரோட அப்பா அதே பங்களாவுல பூந்தோட்ட வேலை, பாட்டி கலியாணத்துக்கு முன்ன அங்கேயே ஆயாவா பிள்ளை பாத்தவங்க. இத்தனை பேர் ஒரே வீட்டுல உழைச்சிருக்காங்க, ஆனா அந்த வீட்டைப் பத்தி எங்ககிட்ட ஒரு துண்டுக் கடுதாசி கூட இல்ல.

இப்ப அது ஹோட்டல். ஏப்ரல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு உள்ள போய்ப் பார்த்தோம். நல்லா வச்சிருக்காங்க, அதைச் சொல்லணும், மரத்தரையெல்லாம் பாலிஷ் பண்ணி, கணப்பு அடுப்பெல்லாம் அப்படியே இருக்கு. உள்ள போனதும் சுவத்துல ஒரு பெரிய பலகை, 1870ல ஒரு ஸ்கொட்லாந்து தொர கட்டின வீடு, அவரு காட்டை அழிச்சுத் தோட்டம் போட்டாரு, அவரோட வேட்டை, அவரோட குதிரை, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல யார் இருந்தாங்க, யார் வித்தாங்க, யார் வாங்கினாங்க, யார் சமைச்சாங்கன்னு ஒரு வரி கிடையாது. எங்க மகள் அங்க வேலை செய்யற தம்பிகிட்ட, எங்க பூட்டன் எந்த ரூம்ல இருந்தாருன்னு கேட்டா. பாவம் அவருக்கும் தெரியல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

பாட்டி இன்னும் இருக்காங்க, கொட்டாஞ்சேனையில அத்தை வீட்டுல. அவங்க சொல்றது பலகையில இருக்கிறதுக்குப் பொருந்தவே இல்ல. மாடிப் பக்கம் பிறகு கட்டினதுன்னு அவங்க மாமனார் சொல்லியிருக்காராம். முதல்ல இருந்த தொர எல்லாத்தையும் தொலைச்சிட்டுப் போயிட்டாருன்னும் ஒரு கதை. அப்புறம் சமையல்கட்டுக்குப் பின்னால டர்பன்டைன் மரத்தடியில ஒரு கல்லு இருக்கு, யாரும் அதைத் தாண்டிப் போக மாட்டாங்களாம். ஹோட்டல்காரங்க அதை வெள்ளைக்காரப் பிள்ளையோட கல்லறைன்னு சொல்லி டூரிஸ்ட்டுக்குக் காட்டுறாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். வீடு உண்மையில எப்ப கட்டினது, யார் யார் கையில இருந்துச்சு, அந்தக் கல்லு என்ன, அங்க வேலை செஞ்ச நம்ம ஆட்களோட பேரு எங்கயாவது எழுத்துல இருக்கா. கொழும்புல இருந்துக்கிட்டே எங்க ஆரம்பிக்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


உறுதிக்கந்தோர் (தெஹிவளை)

தம்பியோ தங்கச்சியோ தெரியேல்ல, நல்ல காரியம் தொடங்கியிருக்கிறியள். நான் கனகாலம் காணி உறுதி (பத்திரம்) எழுதுற ஒரு நொத்தாரிசிட்ட கிளாக்கா வேலை செய்தனான், பழைய உறுதி தேடுறது தான் என்ர சீவியம், அதால காணிப் பக்கத்தை மட்டும் சொல்லுறன்.

ஹப்புத்தளை எண்டால் பதுளை மாவட்டம், அப்ப பதிவு இருக்கிறது பதுளை காணிப் பதிவகத்தில, கொழும்பில இல்லை. அங்க ஒவ்வொரு காணிக்கும் பிரிவு, தொகுதி, பக்கம் எண்டு ஒரு அடையாளம் இருக்கும். ஒரு பக்கம் நிரம்பினால் அடுத்த தொகுதிக்குக் கொண்டு போவினம், ஆனால் முந்தின பக்கத்தின்ர நம்பரையும் எழுதி வைப்பினம். கடைசிப் பதிவைப் பிடிச்சால் அந்த நம்பரைப் பிடிச்சுக்கொண்டு பின்னால பின்னால போகலாம், ஆர் ஆருக்கு எழுதினது, எந்த நொத்தாரிசு, எத்தினையாம் நம்பர் உறுதி எண்டு எல்லாம் வரும். விற்பனையை மட்டும் பாக்காதேங்கோ, ஈட்டு (அடமானப்) பதிவுகளைக் கட்டாயம் பாருங்கோ. ஒரு தொர காணியை எத்தினை தரம் ஈடு வச்சவர், ஆரிட்ட வச்சவர் எண்டதிலதான் அந்த வீட்டின்ர உண்மையான கதை கிடக்கும்.

உங்கட பாட்டி சொன்னது சும்மா கதை இல்லை எண்டு நான் நினைக்கிறன். 1869இல கோப்பி இலையில அந்தப் பூஞ்சண நோய் வந்தது, பத்துப் பதினைஞ்சு வருஷத்துக்குள்ள கோப்பித் தோட்டங்கள் விழுந்து போச்சு. 1884 மே மாசம் ஓரியண்டல் பேங்க் மூடினது. தோட்டக்காரர் கனபேருக்குக் கடன் குடுத்த பேங்க் அது. அந்தக் காலத்தில எல்லாத்தையும் விட்டிட்டுக் கப்பலேறின தொரமார் ஒண்டு ரெண்டு பேர் இல்லை. உங்கட வீட்டுக்காரரும் அதில ஒராளா எண்டு ஈட்டுப் பதிவு சொல்லும்.

அடுத்தது இந்த 1870 எண்ட வருஷம். பலகையில கிடக்கிற வருஷத்தை நம்பாதேங்கோ. அது வீடு கட்டின வருஷமா, இல்லை அரசாங்கத்திட்ட காணி வாங்கின வருஷமா எண்டு முதல் பிரிச்சுப் பாக்க வேணும். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆரும் உரிமை காட்டேலாத காடு, தரிசெல்லாம் முடிக்குரிய காணி எண்டு ஆச்சு, பிறகு அதைத் தோட்டக்காரருக்கு வித்தவை. ஆரம்பத்தில ஏக்கர் 5 சிலிங், 1844க்குப் பிறகு ஆகக் குறைஞ்ச விலை 20 சிலிங். காணி கையில வந்த உடனே ஒருத்தரும் கணப்பு அடுப்போட வீடு கட்டினதில்லை, முதல்ல மண் சுவரும் புல்லுக் கூரையுமாத்தான் இருந்திருக்கும். அந்தக் காணி காடா இருக்கேக்க அதைப் பாவிச்ச சிங்களக் கிராமத்துச் சனமும் இருந்திருக்கும், காட்டை வெட்டி எரிச்சுச் சேனைப் பயிர் செய்தவை, மாடு மேய்ச்சவை, அவையும் இந்த வரலாற்றில ஒரு பங்கு.

கடைசிப் பக்கத்தையும் சொல்லிப்போட்டு விடுறன். 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டத்தோட ஒராள் 50 ஏக்கருக்கு மேல, வயல் எண்டால் 25 ஏக்கருக்கு மேல வச்சிருக்கேலாது எண்டு வந்தது. 1975இல கொம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. அதுக்குப் பிறகு உறுதி தேடினால் கிடையாது, வர்த்தமானி அறிவித்தல் தான் இருக்கும். தனி ஆளின்ர தோட்டமா இருந்தால் அவர் தனக்கு இருக்கிற காணியெல்லாம் எழுதி ஒரு பிரகடனம் குடுத்திருக்க வேணும், அந்தக் கோப்பு காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவில தேட வேண்டியது. 1992இல தனியார் கொம்பனிகளுக்கு நிருவாகத்தைக் குடுத்தினம். உங்கட ஹோட்டல் எந்த வழியில வந்தது எண்டு பின்னாலயிருந்து பாத்தால் வேலை சுகம்.


பழைய பிளான் (நாரஹேன்பிட்டி)

மேல சொன்னவர் நல்லா வெளிச்சமா சொல்லிட்டார். நான் பிளான் பக்கம் கொஞ்சம்.

நில அளவைத் திணைக்களம் 1800லயே தொடங்கினது, நாட்டுல பழைய திணைக்களங்கள்ல ஒண்ணு. கிருள வீதியில தலைமைக் கந்தோர். அரசாங்கம் வித்த தோட்டக் காணிக்கு டைட்டில் பிளான் இருக்கும், உறுதியில அந்த நம்பர் எழுதியிருப்பாங்க, நம்பர் தெரிஞ்சா பிளானோட பிரதிக்கு விண்ணப்பம் போடலாம். அதுல எல்லை, ஓடை, பக்கத்துக் காணிக்காரன் பேர் எல்லாம் வரும், சிலதுல கட்டடமும் குறிச்சிருக்கும். அப்புறம் ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் கணக்குல போட்ட பழைய மெப் ஷீட் இருக்கு, அதுல தோட்டத்தோட பேரு, வண்டிப்பாதை எல்லாம் தெளிவா இருக்கும். வேற வேற வருஷத்து ஷீட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, தோட்டங்கள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததும் பேரு மாறினதும் கண்ணுக்குத் தெரியும். இது முக்கியம், ஏன்னா இப்ப இருக்கிற தோட்டப் பேரை வச்சுக்கிட்டு 1880ல தேடினா ஒண்ணும் கிடைக்காமப் போகலாம், அப்ப அந்தப் பங்களா வேற சின்னத் தோட்டத்துக்குச் சொந்தமா இருந்திருக்கும்.

அதோட ஃபேர்குசன் டிரெக்டரி. 1859ல ஆரம்பிச்சு வந்த புத்தக வரிசை, தோட்டம் தோட்டமா முதலாளி யாரு, கொழும்புல ஏஜண்ட் யாரு, சுப்ரின்டன்ட் யாரு, எத்தனை ஏக்கர், என்ன பயிர்னு போட்டிருப்பாங்க. மியூசியம் நூலகத்துல உக்காந்து அஞ்சு வருஷத்துக்கு ஒண்ணா எடுத்துப் பாத்தா தொரமார் பட்டியல் கையில வந்துடும், இடைவெளியைப் பிறகு நிரப்பலாம். 1907ல ஆர்னல்ட் ரைட் தொகுத்த பெரிய புத்தகம் ஒண்ணு இருக்கு, தோட்டங்களோட பங்களாக்களோட படமெல்லாம் அதுல உண்டு, உங்க பங்களா இருந்தா மாடி அப்ப இருந்துச்சா இல்லையான்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும்.


செங்கலும் சுண்ணாம்பும் (தெமட்டகொட)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எனக்குக் கடதாசியை விடக் கட்டடம்தான் வெளங்கும், பழைய வீடு திருத்துற வேலை செய்றன். மத்த எல்லாரும் கந்தோருக்குப் போகச் சொல்றாங்க, நான் சொல்றது நீங்க திரும்ப அந்த வீட்டுக்கே போங்க, இந்த முறை டீ குடிக்க இல்ல, டோர்ச் ஒண்டும் ஃபோனும் எடுத்துக்கிட்டுப் போங்க. மெனேஜர்ட மரியாதையாக் கேட்டா கூரைக்குள்ள ஏற விடுவாங்க, அனேகமான ஹோட்டல்காரங்களுக்கும் தெரிஞ்சிக்க ஆசைதான்.

கூரைக்குள்ள முதல்ல. மாடி பிறகு கட்டினதெண்டா பழைய கூரைட அடையாளம் எங்கயாவது இரிக்கும், நடுவுல ஒரு சுவர்ல பழைய சரிவுட கோடு, இல்லாட்டி ஒரு பக்கத்து மரம் கையால செதுக்கினது மறு பக்கம் மெசின்ல அறுத்தது. ஆணியப் பாருங்க. நாலு மூலை வெட்டு ஆணி எண்டா பழசு, உருண்டைக் கம்பி ஆணி எண்டா பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியிற காலம் இல்லாட்டி அதுக்குப் பொறகு. ஓட்டுட அடிப்பக்கம் முத்திரை இரிக்கான்னு பாருங்க. மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க ஓட்டு ஃபெக்டரி போட்டது 1865ல, அந்த முத்திரையோட ஓடு இரிந்தா அதுக்கு முன்னுக்குள்ள கூரையா இரிக்க ஏலாது. இரும்பு வளை (உத்திரம்) போட்டிரிந்தா அதுல கம்பனிப் பேர் வார்த்திரிப்பாங்க. தகரக் கூரையா இரிந்தாலும் பரவாயில்ல, தகரத்துலயும் சில நேரம் அச்சு இரிக்கும்.

இப்ப ரயில் கணக்கு. நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885, ஹப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு அடுத்த வருஷம். அதுக்கு முன்ன எல்லாச் சாமானும் மாட்டு வண்டில, ஆள்ட தோள்ல. இவ்வளவு பெரிய இரும்பு வளை, கண்ணாடி ஜன்னல், வார்ப்பிரும்புக் கணப்பெல்லாம் அந்த மலைக்கு 1870ல ஏத்தினாங்களா எண்டு யோசிச்சுப் பாருங்க. ஏத்த ஏலாதெண்டு இல்ல, ஆனா ரயில் வந்த பொறகு கட்டின மாடி எண்டா உங்கட பாட்டிட கதை சரியாப் பொருந்துது.

அடுத்தது பின்பக்கம், உங்கட மகள்ட கேள்விக்கு விடை அங்கதான். அந்தக் காலத்து பங்களால சமையல்கட்டு தனியா இரிக்கும், பொகைக்கும் நெருப்புக்கும் பயந்து, கூரை போட்ட நடைபாதை ஒண்டால பெரிய வீட்டோட சேத்திரிப்பாங்க. அதுக்கு அங்கால வரிசையா சின்ன ரூம், அப்பு, போய் (எடுபிடி வேலைக்காரர்), ஆயா எல்லாருக்கும். குளிக்கிற ரூம்ல வெளிப்பக்கம் ஒரு கதவு இரிந்த அடையாளத்தத் தேடுங்க, இப்ப அடைச்சிரிப்பாங்க. வாளிக் கக்கூஸ் காலத்துல அதத் துப்புரவு செய்றவர் வீட்டுக்குள்ளால போகக் கூடாதெண்டு வச்ச கதவு அது. நான் வேலை செஞ்ச ஒரு வீட்டுல சீமெந்து பூசி மறைச்ச அந்தக் கதவு நெலை வெளிய வந்த நேரம் மேசன்மார் எல்லாரும் வேலைய நிப்பாட்டிட்டுப் பாத்துக்கிட்டு நிண்டாங்க. வீட்டுக்குள்ள யாரு எந்தப் பாதையால நடக்கலாம் எண்டதயே கல்லுல கட்டி வச்சிரிக்காங்க. சாப்பாட்டு ரூம்லயும் பெரிய படுக்கை ரூம்லயும் மணி அடிக்கிற கம்பி போன தொளை இரிக்கும், அந்தக் கம்பி போற வழியில போனா மணி தொங்கின இடம் வரும், உங்கட தாத்தா நிண்ட இடம் அதுதான்.

எல்லாத்தயும் ஃபோட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு அடிமட்டம் வச்சு எடுங்க. ஒண்டயும் களட்ட வேணாம், சொரண்ட வேணாம்.


கல்கிசை வாசகன்

பேய்க் கதை, கல்லறைக் கதை எல்லாம் பத்தி ஒரு சின்ன எச்சரிக்கை. நம்ம கல்கிசையிலயே பாருங்க. தோமஸ் மெயிட்லண்ட் ஆளுநரா இருந்தப்ப 1806ல கடற்கரையில நாட்டுப்புற மாளிகைன்னு கட்டத் தொடங்கின வீடு, இன்னைக்கு மவுண்ட் லவினியா ஹோட்டல். இப்ப அது கொழும்புக்குள்ளயே வந்துட்ட மாதிரி, அன்னைக்கு ஊருக்கு வெளிய. இன்னைக்கு யாரைக் கேட்டாலும் ஆளுநருக்கும் நடனமாடின பெண்ணுக்கும் இருந்த காதல், அவ வந்து போன சுரங்கப்பாதை, இதைத்தான் சொல்லுவாங்க. ஆனா 1824ல இருந்து 1831 வரைக்கும் ஆளுநரா இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தான் அந்த வீட்டைப் பெரிய அளவுல திருத்திக் கட்டினவர், ரோடு போட்ட ஆளுநர்னு படிச்சிருப்பீங்க, அவரைப் பத்தி அந்த வீட்டோட சேர்த்து யாரும் பேசுறதில்ல. 1877ல ரயில் வந்த காலத்துல ஹோட்டலாச்சு. காதல் கதை முன்னுக்கு வந்தா மத்த எல்லாம் பின்னுக்குப் போயிடுது.

இன்னொண்ணு, வீடே இல்லாமப் போனாலும் தடயம் இருக்கும். 1870ல எடின்பரோ கோமகன் வந்தப்ப சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா தங்கத் தட்டுல விருந்து வச்ச அல்பிரட் ஹவுஸ் எவ்வளவு பெரிய வளவு, இன்னைக்கு கொள்ளுப்பிட்டியில ரோட்டுப் பேரா மட்டும் நிக்குது. பொன்னம்பலம் இராமநாதன் இருந்த சுகஸ்தானும் அப்படித்தான், வோர்ட் பிளேஸ்ல ஒரு ஒழுங்கையோட பேர்ல இருக்கு. உங்க வீடு நிக்குது, வேலை செஞ்ச ஒருத்தர் உயிரோட இருக்காங்க. அதுவே பெரிய விஷயம்.


தேயிலைப்பூ (வத்தளை, ஊர் பண்டாரவளை)

நான் ரெண்டு நாளா இதை வாசிச்சுக்கிட்டே இருக்கேன், எழுதாம இருக்க முடியல. எங்க அப்பாயும் பங்களா வேலைதான், வேற தோட்டம்.

பிளான், உறுதி எல்லாம் தேடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அது நூறு வருஷமா அலுமாரியில இருக்கு, இன்னும் பத்து வருஷம் இருக்கும். பாட்டி அப்படி இல்ல. அதனால நாளைக்கே கொட்டாஞ்சேனைக்குப் போங்க. ஃபோன்ல ரெக்கோர்ட் போட்டு மேசையில வச்சிட்டு சும்மா பேசுங்க. வீடு எப்ப கட்டினதுன்னு கேட்டா வயசானவங்களுக்குப் பதில் வராது. காலையில எத்தனை மணிக்கு எழும்புவீங்க, எந்தக் கதவால உள்ள போவீங்க, விறகு யாரு கொண்டு வருவா, தண்ணி எங்க இருந்து வரும், தொரசானி என்ன சாப்பிடுவாங்க, மிச்சம் என்ன செய்வீங்க, பிள்ளைக்கு என்ன பாட்டுப் பாடினீங்க, இப்படிக் கேளுங்க. வீட்டோட படம் முழுசா வந்துடும், ரூம் ரூமா. ஒரு வெள்ளைக் கடுதாசி குடுத்து வீட்டை வரையச் சொல்லுங்க, எழுதத் தெரியாதவங்களும் அழகா வரைவாங்க.

பேரு எங்க இருக்கும்னு கேட்டீங்க. தோட்டத்து ஆப்பீஸ்ல செக்ரோல் புத்தகம். யாருக்கு எத்தனை பேர் (நாள் வேலை) போட்டாங்க, எவ்வளவு சம்பளம், எவ்வளவு அரிசி பிடிச்சாங்கன்னு எல்லாம் அதுல. பங்களாத் தோட்டத்துல வேலை செஞ்சவங்க பேரும் சில தோட்டத்துல அதுலதான் வரும். பழைய புத்தகமெல்லாம் நிறைய அழிஞ்சு போச்சு, கறையான், மழை, கை மாறினப்ப எரிச்சது, ஆனா ஸ்டோர் மூலையில கட்டிக் கிடக்கிறதும் உண்டு, பெரிய கிளாக்கருகிட்ட நயமாக் கேட்டா பாக்க விடலாம். தாத்தா பிள்ளைகளோட பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்க, பிறந்த இடம், அப்பாவோட தொழில் ரெண்டும் இருக்கும். அதுல அப்புன்னோ சமையல்காரர்னோ எழுதியிருந்தா அரசாங்கக் கடுதாசியிலயே அந்த வீட்டுக்கும் உங்க குடும்பத்துக்கும் இருக்கிற தொடர்பு வந்துடுச்சு. கிறிஸ்தவக் குடும்பம் யாராவது பங்களாவுல வேலை செஞ்சிருந்தா கோயில் ஏட்டைப் பாருங்க, 1854லயே தோட்டத்துத் தமிழ் ஆட்களுக்குன்னு அங்கிலிக்கன் மிஷன் தொடங்கிட்டாங்க, ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க.

இன்னொண்ணு யாரும் சொல்லல. அந்த பங்களாவுல வேலை செஞ்ச மத்தவங்க எங்க போனாங்க? 1948ல நம்ம ஆட்களோட குடியுரிமை போச்சு, 1964ல சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்குன்னு எழுதினாங்க, 3 லட்சம் பேர் இங்கன்னு. ஒரே லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்த அண்ணன் அங்க தம்பி இங்க. தலைமன்னார்ல இராமானுஜம் கப்பலேறினவங்க நிறையப் பேர் இப்ப நீலகிரியில, கூடலூர், கோத்தகிரிப் பக்கம், தமிழ்நாடு அரசாங்கத்தோட டான்டீ தேயிலைத் தோட்டங்கள்ல இருந்த குடும்பங்கள். பாட்டியோட வேலை செஞ்சவங்க யாராவது போயிருப்பாங்க. அவங்க பிள்ளைங்ககிட்ட ஒரு போட்டோ இருக்கலாம், கப்பலேறும்போது போட்டோவை மட்டும் யாரும் விட்டுட்டுப் போகல. அந்த வீட்டோட வரலாற்றுல பாதி இப்ப இந்தியாவுல இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

அப்புறம் அந்தக் கல்லு. அது கல்லறைதான்னு யாரு சொன்னா? கிட்டப் போய்ப் பாருங்க. கல்லுல கற்பூரம் எரிச்ச கறுப்பு படிஞ்சிருக்கா, சூலம் குத்தின தடம் இருக்கா, மஞ்சள் குங்குமம் பூசின அடையாளம் இருக்கா. நம்ம ஆளுங்க ஃபெக்டரியில ரோதமுனியை வச்சாங்க, மலையில கவ்வாத்துசாமியை வச்சாங்க, பங்களாவுல வேலை செஞ்சவங்க மட்டும் சாமியில்லாம இருந்திருப்பாங்களா? பாட்டிகிட்ட இதையும் கேளுங்க, ஆனா கல்லறையான்னு கேக்காதீங்க, அங்க என்ன செய்வீங்கன்னு கேளுங்க.


மலைக்காத்து (வெள்ளவத்தை)

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. தேயிலைப்பூ அக்கா சொன்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை பாட்டிகிட்ட போய் உக்காந்தேன். அத்தை, மகள் எல்லாரும் பக்கத்துல. நான் இத்தனை வருஷமாக் கேட்ட கேள்வியெல்லாம் தப்பான பக்கத்துல இருந்து வந்திருக்கு போல, விறகு யாரு கொண்டு வருவான்னு கேட்டதும் பாட்டி பேச ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல.

கல்லைப் பத்தி முதல்ல சொல்றேன். அங்க என்ன செய்வீங்கன்னு கேட்டேன், உடனே சொல்லிட்டாங்க, ஆடி மாசம் பொங்கல் வைப்போம், சேவல் அறுப்போம், அது முனி. தாத்தாவோட அப்பாதான் பூந்தோட்ட வேலை செஞ்சப்ப வச்சு விளக்கேத்தினவராம். தொரசானி அந்தப் பக்கம் பாத்தி போடணும்னு கேட்டப்ப அவரு முடியாதுன்னு சொல்லிட்டாராம், அவங்களும் விட்டுட்டாங்க. எங்க பூட்டன் ஒரு தொரசானிகிட்ட முடியாதுன்னு சொன்னாருங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஆனா அதோட முடியல. மரத்துக்கு அந்தப் பக்கம், வேலியோரமா, சின்னதா ஒரு கட்டு இருந்துச்சாம், அதுதான் பிள்ளைக் குழி, பேரெல்லாம் இல்ல, பாட்டி வேலைக்கு வரும்போதே பழசு. யாரோட பிள்ளைன்னு அவங்களுக்கும் தெரியாது, வெள்ளைக்காரப் பிள்ளைன்னும் அவங்க சொல்லல. அப்ப ஹோட்டல்ல காட்டுறது எங்க சாமிக்கல்லை.

ரூம்: சமையல்கட்டுக்குப் பின்னால நாலு ரூம், தாத்தா இருந்தது கடைசி, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல. இப்ப அங்க ஹோட்டலோட லாண்டரி. மகள் அதை பாட்டி வரைஞ்ச படத்துல சிவப்புப் பென்சிலால கலர் அடிச்சு வச்சிருக்கா. மணியும் சரிதான், பெட்டி மாதிரி ஒண்ணுல வரிசையா மணி இருந்துச்சாம், எந்த மணி எந்த ரூம்னு சத்தத்தை வச்சே தெரியும்னு பாட்டி சொன்னாங்க. அதைச் சொல்லும்போது அவங்க கை தன்னால முந்தானையைச் சரி பண்ணுச்சு.

பாட்டியோட சேர்ந்து பிள்ளை பாத்த இன்னொரு ஆயா இந்தியா போயிட்டாங்க, கோத்தகிரிப் பக்கம்னு மட்டும் ஞாபகம் இருக்கு.

இப்ப ரெண்டு கேள்வி. ஒண்ணு, அந்தப் பிள்ளைக் குழி யாருதுன்னு தேட வழி இருக்கா. ரெண்டு, தொரமார் வீட்டுல என்னென்ன சாமான் இருந்துச்சு, யாருக்குப் போச்சுங்கிற மாதிரி ஏதாவது எழுத்துல இருக்குமா? பாட்டி ஒரு ஊஞ்சல் நாற்காலியைப் பத்தி நிறையச் சொல்றாங்க.


உறுதிக்கந்தோர் (தெஹிவளை)

ரெண்டாவதுக்கு முதல் மறுமொழி. இருக்கு. சொத்துள்ள ஒராள் செத்தால் மாவட்ட நீதிமன்றத்தில மரண சாசன வழக்குப் போடுவினம், அதில ஆதனப் பட்டியல் ஒண்டு தாக்கல் செய்ய வேணும். காணி, பணம், வண்டில், குதிரை, கதிரை மேசை, சில வழக்கில தட்டு முட்டுக் கணக்குக் கூட இருக்கும், பெறுமதியோட. வேலைக்காரருக்கு நிலுவைச் சம்பளம் இவ்வளவு எண்டும் சிலதில வரும், கவனமாப் பாருங்கோ. பழைய நீதிமன்றக் கோப்புகளில ஒரு பகுதி கொழும்பு 7இல தேசிய சுவடிகள் கூடத்துக்கு வந்திருக்கு. அங்க போகேக்க செத்த ஆளின்ர பேரும் ஏறத்தாழ வருஷமும் தெரிஞ்சு போனால் நல்லது, அதுக்குத்தான் முதல் டிரெக்டரியைப் பாருங்கோ எண்டு மேல ஐயா சொன்னது. பழைய பேப்பரும் அங்கயே இருக்கு, தொரமார் சீமைக்குத் திரும்பிப் போகேக்க வீட்டுச் சாமானை ஏலம் போட விளம்பரம் குடுப்பினம், ஊஞ்சல் நாற்காலி அதில ஆப்பிட்டாலும் ஆப்பிடும்.

குழிக்கு, ஜே.பி. லூயிஸ் 1913இல இலங்கையில உள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்தவர், ஆனால் பேரில்லாத குழி அதில வராது. ஹப்புத்தளை, பண்டாரவளைக் கோயில்களின்ர அடக்க ஏட்டைப் பாருங்கோ, தோட்டத்துக்குள்ள புதைச்சிருந்தாலும் குருவானவர் போய்ச் செபம் செய்திருந்தால் எழுதியிருப்பார். அதில இல்லாட்டி அது வெள்ளைக்காரப் பிள்ளையா எண்டதையே திரும்ப யோசிக்க வேணும்.


செங்கலும் சுண்ணாம்பும் (தெமட்டகொட)

முனிக்கல்லு விசயத்த ஹோட்டலுக்குச் சொல்லுங்க, சண்டையா இல்லாம, பாட்டி பேசினத எழுதி அவங்க வரைஞ்ச படத்தோட. அந்தக் கல்லச் சுத்திப் புது வேலை ஏதும் செய்ய முன்னுக்கு அவங்களுக்குத் தெரிஞ்சிரிக்கணும். 1815 மார்ச் 2க்கு முந்தின கட்டடம் எண்டா தொல்பொருள் சட்டத்துல தானா பாதுகாப்பு இரிக்கி, இது அதுக்குப் பொறகு வந்தது, அரசாங்கம் தனியா அறிவிச்சாத்தான் உண்டு, அப்ப இப்போதைக்கு ஹோட்டல்காரங்கட மனசுதான் பாதுகாப்பு. அந்த லாண்டரியப் பாக்கப் போற நாள் சொல்லுங்க, மலையகப் பக்கம் வேலை இரிந்தா நானும் வாறன், கூரை பாக்க ஆள் வேணும்.


தேயிலைப்பூ (வத்தளை, ஊர் பண்டாரவளை)

வாசிச்சிட்டு எங்க அம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். கோத்தகிரியில எங்க சித்தப்பா குடும்பம் இருக்கு, அங்க நம்ம ஊர் ஆட்கள் யாரு எந்தத் தோட்டத்துல இருந்து வந்தாங்கன்னு அவருக்கு நல்லாத் தெரியும். அந்த ஆயாவோட பேரையும் வீட்டுக்காரர் பேரையும் இங்க பொதுவுல போடாதீங்க, எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க. தோட்டத்தோட பேரு, எந்த டிவிஷன், எந்த வருஷத்துக்கு முன்ன பின்ன கப்பலேறினாங்க, இதையும் பாட்டிகிட்ட கேட்டு எழுதுங்க. சித்தப்பா வெள்ளிக்கிழமை ஃபோன் எடுப்பாரு, அதுக்கு முன்ன அனுப்பினீங்கன்னா அன்னைக்கே கேட்டுடுறேன்.